சைக்கிளோட்டமும் சாப்பாட்டுக் கணக்கும்



2022ஆம் ஆண்டிலே பெற்றோலுக்காக நாடெங்கும் மக்கள் வரிசையில் நின்ற நாட்களை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அந்நாட்களிலேதான் நானும் என் மோட்டார்ச் சைக்கிளைத் திண்ணையில் நிறுத்திவிட்டு, கொட்டிலுக்குள் பல ஆண்டுகளாகத் துருப்பிடித்துக் கிடந்த பழைய துவிச்சக்கர வண்டியை வெளியே எடுத்தேன். வீட்டிலிருந்து பாடசாலைக்கு 8 கிலோமீற்றர். போக வர 16. வடபகுதிக்கு எரிபொருள் வரவு தடைப்பட்டிருந்த 1990களிலே, இளைஞனாக இருந்த நான் இதனிலும் இரு மடங்கு தூரத்தை நாள்தோறும் மிதித்தவன். ஆகவே எனக்கு இது பெரிய காரியமாகத் தோன்றவில்லை. ஆயினும் முதல் நாள் பாடசாலைப் படலையை அடைந்தபோது, மூச்சு வாங்கி நின்ற தங்கள் அதிபரை மாணவர்கள் இரக்கத்தோடு பார்த்தார்கள்.

அதே ஆண்டிலேதான் வைத்தியர் ஒருவர் என் இரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்து, “இன்னும் நீரிழிவு வரவில்லை, ஆனால் வாசலில் வந்து நிற்கிறது” என்றார். அப்போது எனக்கு வயது 52. உயரம் 168 சென்ரிமீற்றர். நிறை 82 கிலோகிராம். என் தந்தையார் நீரிழிவினால் ஒரு காலை இழந்தவர். எனவே அவ்வார்த்தை என் நெஞ்சில் ஆழமாகத் தைத்தது.

அமெரிக்காவிலே நடத்தப்பெற்று 2002ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியைப் பற்றியும் அவர் சொன்னார். நீரிழிவின் வாசலில் நிற்பவர்கள் தம் உடல் நிறையில் நூற்றுக்கு 7 வீதத்தைக் குறைத்து, வாரத்துக்கு 150 நிமிடம் உடலுழைப்பிலும் ஈடுபட முயன்றபோது, அந்நோய் புதிதாக வருவது நூற்றுக்கு 58 வீதம் குறைந்ததாம். எனக்கு 7 வீதம் என்பது ஏறத்தாழ 6 கிலோகிராம். சைக்கிளோட்டமோ வாரத்துக்கு 300 நிமிடம். “பாதி வேலை முடிந்துவிட்டது” என்று எண்ணி மகிழ்ந்தேன். நேயர்களே, என் அறியாமை அங்கேதான் தொடங்கியது. மூன்று மாதம் தவறாமல் மிதித்தும் என் நிறை ஒரு கிலோகிராம்கூடக் குறையவில்லை.

ஏன் குறையவில்லை என்பதை அறிய முயன்றபோது நான் கற்றுக்கொண்ட கணக்கையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். நான் வரலாறும் தமிழும் படித்த கலைப் பட்டதாரி. எனக்கே விளங்கிய கணக்கு உங்களுக்கு விளங்காமற்போகாது.

முதலில், கலோரி என்பது யாது? ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியஸ் உயர்த்துவதற்கு வேண்டிய வெப்பத்தையே உணவைப் பற்றிப் பேசும்போது ஒரு கலோரி என்கிறோம். விஞ்ஞானிகள் அதனைக் கிலோகலோரி என்பர். உணவை வெப்பத்தால் அளப்பானேன் என்று நீங்கள் கேட்கலாம். பிரெஞ்சு விஞ்ஞானி லவோசியே, 1783ஆம் ஆண்டளவில், லாப்பிளாசுடன் சேர்ந்து ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்துள் வைத்து, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகுகின்றது என்று அளந்தார். சுவாசம் என்பது மெதுவாக எரியும் நெருப்பே என்பது அவர் கண்ட முடிவு. அதற்கு ஒரு நூற்றாண்டின் பின்னர், 1890களில், அமெரிக்கரான அற்வாட்டர் மனிதனையே ஓர் அறைக்குள் இருத்தி, அவன் உண்பதையும் வெளியிடும் வெப்பத்தையும் அளந்தார். அவ்வறைக்குள் அமர்ந்தவர்கள் சில பரிசோதனைகளில் நிலையான சைக்கிளொன்றை மிதித்தார்கள் என்பது எம்போன்றோர்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. மாப்பொருளும் புரதமும் கிராமொன்றுக்கு 4 கலோரி, கொழுப்பு 9 கலோரி என்று இன்றும் நாம் வழங்கும் கணக்கு அவர் வழி வந்ததே.

இனி நமது கணக்கிற்கு வருவோம். அது மூன்று படிகளை உடையது.

முதற்படி, ஒன்றும் செய்யாது படுத்திருந்தாலும் உடல் செலவிடும் சக்தி. இதயம் துடிக்கவும், மூளை இயங்கவும், உடல் வெப்பம் நிலைபெறவும் வேண்டிய செலவு இது. இதனைக் கணிக்க 1990ஆம் ஆண்டில் வெளியான மிவ்லின் – சென் ஜியோர் சமன்பாடு இன்று பெரிதும் வழங்குகின்றது. கடதாசியும் பேனையும் உள்ளவர்கள் குறித்துக்கொள்ளலாம். உங்கள் நிறையைக் கிலோகிராமில் எடுத்து 10ஆல் பெருக்குங்கள். உயரத்தைச் சென்ரிமீற்றரில் எடுத்து 6.25ஆல் பெருக்கி அதனோடு கூட்டுங்கள். வயதை 5ஆல் பெருக்கிக் கழியுங்கள். பின்னர் ஆண்களாயின் 5ஐக் கூட்டவும், பெண்களாயின் 161ஐக் கழிக்கவும் வேண்டும். என் நிறைக்கு 820, உயரத்துக்கு 1,050, இரண்டும் 1,870. வயதுக்கு 260 கழிய 1,610. அதனோடு 5 கூட்ட 1,615 கலோரி.

இரண்டாம் படி, அன்றாட நடமாட்டம். எழுதுவது, நிற்பது, வகுப்பறைகளைச் சுற்றி வருவது முதலியன. பெரும்பகுதி அமர்ந்தே வேலை செய்பவர் முதற்படித் தொகையை 1.4ஆல் பெருக்கினால் போதுமானது. எனக்கு அது 2,261 கலோரி ஆயிற்று. வயலில் வேலை செய்வோர்க்கும், மலையகத்தில் நாள் முழுதும் சரிவுகளில் ஏறியிறங்கிக் கொழுந்து பறிப்போர்க்கும் இப்பெருக்கம் மிகக் கூடும். அவர்கள் என் எண்ணைக் கடன் வாங்கலாகாது.

மூன்றாம் படி, சைக்கிளோட்டம். மணிக்கு 16 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில் ஆறுதலாக ஓடுபவர், ஓய்வில் இருப்பவரைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு சக்தியைச் செலவிடுகிறார். மணிக்கு 16 முதல் 19 கிலோமீற்றர் வரை ஓடுபவர்க்கு இது ஏறத்தாழ ஏழு மடங்கு. ஓய்விலே உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் மணிக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. ஆகவே 82 கிலோகிராம் நிறையுள்ள நான், மணிக்கு 15 அல்லது 16 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு மணித்தியாலம் ஓடினால், 82இன் நான்கு மடங்கு, அதாவது 328 கலோரி. கணக்கு முடிந்துவிட்டதாகவே நான் எண்ணினேன்.

எங்கள் பாடசாலையின் கணித ஆசிரியை என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். “சேர், நீங்கள் ஒரே வரவை மூன்று முறை எழுதியிருக்கிறீர்கள்” என்றார். நான் திகைத்தேன்.

நடந்தது இதுதான். கைத்தொலைபேசியில் ஒரு கணிப்பானைப் பார்த்து, நான் சைக்கிள் ஓடுபவன் என்பதனால் “மிதமான உழைப்பு” என்ற பிரிவைத் தெரிந்து, 1.4க்குப் பதிலாக 1.55ஆல் பெருக்கியிருந்தேன். வந்தது 2,503. அப்பெருக்கத்திலே உடலுழைப்பு ஏற்கெனவே அடங்கியிருக்கின்றது. அதன்மேல் சைக்கிளோட்டத்தின் 328ஐ மறுபடியும் கூட்டி 2,831 என்று எழுதியிருந்தேன். அந்த 328இலுங்கூட, அந்த ஒரு மணித்தியாலம் நான் வீட்டில் சும்மா இருந்தாலும் செலவாகியிருக்கும் 82 கலோரி மறைந்திருந்தது. சைக்கிளினால் உண்மையாகவே மேலதிகமாகச் செலவானது 246 மாத்திரமே. பின்னர் நான் 2,831இலிருந்து 500ஐக் கழித்து, “நாளொன்றுக்கு 2,300 வரை உண்ணலாம்” என்று எனக்கு நானே அனுமதி வழங்கியிருந்தேன். சைக்கிள் ஓடாத சனி ஞாயிறிலும் அவ்வாறே உண்டேன்.

இதனோடு தேநீர்க் கடையும் சேர்ந்தது. உழைத்தவனுக்கு ஏதேனும் வேண்டாமோ என்ற எண்ணத்தில், வீடு திரும்பும் வழியில் ஒரு சரை கச்சான் வாங்கிக் கொறிப்பது வழக்கமாயிற்று. 50 கிராம் கச்சானில் ஏறத்தாழ 280 கலோரி உண்டு. போக வர 16 கிலோமீற்றர் மிதித்துச் செலவிட்ட 246ஐ, ஐந்து நிமிடத்தில் வட்டியோடு திருப்பி வாங்கிக்கொண்டேன். இந்தக் கச்சானை நான் கொப்பியில் எழுதவேயில்லை.

தவறு விளங்கியபின் அதனைத் திருத்தவேண்டிய நான், மறுகோடிக்குத் தாவினேன். காலையில் ஒரு தேநீர், பகலுணவு இல்லை, இரவில் இரண்டு துண்டு பாண். மொத்தம் 1,100 கலோரியும் இராது. பத்தாம் நாள் மாலை, சோளகக் காற்று எதிரே வீசிக்கொண்டிருக்க, வயல்வெளி நடுவே என் கண்கள் இருண்டன. சைக்கிளை வரம்பிலே சாய்த்துவிட்டு அரை மணித்தியாலம் இருந்தேன்.

அதனை நான் எவருக்கும் சொல்லவில்லை. ஆனால் மறு வாரம் காலைப் பிரார்த்தனையின்போது ஒரு மாணவன் மயங்கி விழுந்தான். சைக்கிளோட்டப் போட்டிக்குப் பயிற்சி பெறும் பிள்ளை. “பாரம் குறைந்தால் வேகம் கூடும், சேர். நீங்களும் பகலில் சாப்பிடுவதில்லையே?” என்றான். நேயர்களே, என் முப்பதாண்டு ஆசிரிய வாழ்வில் என்னைத் தலைகுனிய வைத்த கேள்விகள் மிகச் சில. அவற்றுள் இதுவும் ஒன்று.

அன்று மாலை அப்பிள்ளையின் தாயாரை அழைத்து நான் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வளரும் பிள்ளைகளுக்கு இந்தக் கழித்தற் கணக்கு உரியதன்று. கடுமையாகப் பயிற்சி செய்பவர் போதியவாறு உண்ணாவிடின் எலும்பு தேயும்; நோயெதிர்ப்புக் குன்றும்; பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு நின்றுவிடவும் கூடும்; ஈற்றில் வேகமும் போய்விடும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014ஆம் ஆண்டில் இந்நிலையைத் தனியாகப் பெயரிட்டு எச்சரித்திருக்கிறது. பிரான்சைச் சுற்றி நடைபெறும் பெரும் சைக்கிளோட்டப் போட்டியின் வீரர்களை 1980களில் ஆராய்ந்தபோது, அவர்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 6,000 கலோரி செலவிட்டு, அதற்கு ஈடாகவே உண்டமை தெரியவந்தது. உலகின் மெலிந்த சைக்கிள் வீரர்கள் பட்டினி கிடந்து வெற்றி பெறுவதில்லை.

பட்டினியின் விளைவுக்கு வேறொரு சான்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 – 45இல், மின்னசோட்டாப் பல்கலைக்கழகத்திலே அன்சல் கீஸ் என்பவர், போரில் ஆயுதமேந்த மறுத்த 36 இளைஞர்களை, அவர்கள் இசைவோடு, ஆறு மாதம் அரைப் பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். உடல் மெலிந்ததோடு, உடலின் ஓய்வுநிலைச் செலவும் சுருங்கியது. மனச்சோர்வும் உணவைப் பற்றிய ஓயாத நினைவும் அவர்களைப் பற்றிக்கொண்டன. வருமானம் குறைந்த குடும்பம் செலவைச் சுருக்குவதுபோல உடலும் சுருக்கிக்கொள்கிறது.

ஆகவே கணித ஆசிரியையும் நானும் புதிதாகக் கணக்கிட்டோம். சைக்கிளோட்டத்தின் மேலதிகச் செலவு 246; வாரத்தில் ஐந்து நாள் என்பதனால் 1,230; அதனை ஏழு நாளுக்குப் பகிர்ந்தால் நாளுக்கு ஏறத்தாழ 176. இதனை 2,261உடன் கூட்ட, சராசரிச் செலவு 2,437. உடற்கொழுப்பில் ஒரு கிலோகிராம் ஏறத்தாழ 7,700 கலோரிக்குச் சமம் என்பர். நாளொன்றுக்கு 500 குறைத்தால் வாரத்துக்கு 3,500. அதாவது அரைக் கிலோகிராமுக்குச் சற்றுக் குறைவு. இது உடல் தாங்கக்கூடிய அளவு. சைக்கிள் ஓடும் நாளில் 2,000, ஓடாத நாளில் 1,750, சராசரியாக 1,900 சொச்சம் என்று வரையறுத்தோம்.

இதனை உணவாக மாற்றுவது எங்ஙனம்? நிறுத்துப் பார்ப்பதே வழி. நான் பலசரக்குக் கடைத் தராசை நம்பாமல், சமையலறைக்கென்றே ஒரு சிறு தராசு வாங்கினேன். வெந்த சோறு 100 கிராமுக்கு ஏறத்தாழ 130 கலோரி. பாண் 100 கிராமுக்கு 260. துருவிய தேங்காய் 100 கிராமுக்கு 350. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120. புட்டும் சம்பலும் சொதியும் சேர்ந்த நம் இராப்போசனத்தில், மாவைக் காட்டிலும் தேங்காயே பல வேளைகளில் பெரிய கணக்காக இருப்பதைக் கண்டு வியந்தேன். என் மனைவி தேங்காயைப் பாதியாகக் குறைத்து, மீனையும் பருப்பையும் கீரையையும் கூட்டினார். நிறை குறையும் காலத்தில் தசை கரையாதிருக்கப் புரதம் வேண்டும். சோற்றை நான் அடியோடு விடவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு உட்பட்ட ஓட்டத்துக்கு வழியில் தனி உணவு தேவையில்லை, நீர் போதும். ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேற்பட்டால் மாத்திரம் இரண்டு வாழைப்பழம் போன்ற ஏதேனும் வேண்டியிருக்கும்.

ஆனால் நேயர்களே, எந்தச் சமன்பாடும் முதல் மதிப்பீடே. அது உங்கள் உடலைக் கண்டதில்லை. அமெரிக்க மக்களை அளந்து பெறப்பட்ட சூத்திரம் அது. ஒரே நிறையுள்ளவராயினும், தெற்காசியராகிய எம்மில் பலர்க்குத் தசை சற்றுக் குறைவாகவும் கொழுப்புச் சற்று மிகுதியாகவும் இருப்பதனால், எமது உண்மைச் செலவு அதனிலும் குறையலாம். காற்றும் கணக்கைக் குழப்பும். எதிர்காற்றில் ஓடும் ஒரு மணித்தியாலமும், காற்று முதுகில் தள்ள ஓடும் ஒரு மணித்தியாலமும் ஒன்றல்ல.

இக்குழப்பத்தைத் தீர்க்கும் நீதிபதி நிறை பார்க்கும் தராசே. நாள்தோறும் காலையில் நிறுத்து, வாரச் சராசரியை மாத்திரம் ஒப்பிடவேண்டும். முதல் வாரத்தில் குறைவது பெரும்பாலும் நீர். அதனைக் கண்டு மகிழவேண்டா. அவ்வாரத்தை விட்டு, அடுத்த 28 நாளை எடுத்துக்கொண்டேன். நான் சராசரியாக உண்டது 1,940 கலோரி. குறைந்தது ஒரு கிலோகிராம். 7,700ஐ 28ஆல் வகுக்க 275. ஆகவே என் உண்மையான நாட்செலவு 1,940உம் 275உம் சேர்ந்த 2,215 என்பது தெளிவாயிற்று. சூத்திரம் சொன்ன 2,437 அன்று. முன்னர் நான் நாளுக்கு 2,300 உண்டுகொண்டு, “500 குறைத்து உண்கிறேன், ஏன் மெலியவில்லை?” என்று விதியை நொந்தேனே, அப்போது உண்மையில் நான் செலவினும் மிகுதியாகவே உண்டிருக்கிறேன்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். நிறை குறையக் குறையச் செலவும் குறையும். 76 கிலோகிராமில் அதே கணக்கைச் செய்தால் சூத்திரமே நாளுக்கு ஏறத்தாழ 100 கலோரி குறைவாகக் காட்டும். அதனால் இத்தனை கலோரிக்கு இத்தனை கிலோகிராம் என்ற எளிய விதி நெடுங்காலத்துக்குப் பொருந்தாது. மாதம் ஒருமுறை கணக்கைத் திருப்பிச் செய்யவேண்டும். இல்லையேல் நிறை ஓரிடத்தில் நின்றுவிட்டது கண்டு மனம் சலிக்கும்.

மாதம் ஒரு கிலோகிராம் என்ற ஆமை வேகத்தில், ஏழு மாதத்தில் நான் 76 கிலோகிராமை அடைந்தேன். அடுத்த இரத்தப் பரிசோதனையின்போது வைத்தியர் அறிக்கையைப் பார்த்துவிட்டு, “வாசலில் நின்றவர் படலைக்கு வெளியே போய்விட்டார், ஆனால் ஒழுங்கையில்தான் நிற்கிறார்” என்றார். ஆகவே நான் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறேன்.

ஏற்கெனவே நீரிழிவுக்கு இன்சுலின் ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், உணவைக் குறைத்துச் சைக்கிளும் ஓடத் தொடங்குமுன் கட்டாயமாக வைத்தியரைக் கேட்கவேண்டும். சில மருந்துகளோடு இவ்விரண்டும் சேர்ந்தால், இரத்தத்தில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். கருவுற்ற தாய்மார்க்கும் பாலூட்டுவோர்க்கும் இக்கணக்கு உரியதன்று.

வள்ளுவப் பெருந்தகை “மருந்து” என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதனுள் மூலிகைகளைப் பற்றிப் பேசாது, உண்ணும் அளவைப் பற்றியே மிகுதியாகப் பேசியிருப்பதை நான் முப்பது ஆண்டுகளாக மாணவர்க்குப் படிப்பித்து வந்தேன். அதன் பொருள் எனக்கு விளங்குவதற்கு ஒரு பழைய சைக்கிளும், ஒரு சிறு தராசும், கணித ஆசிரியை ஒருவரின் சிவப்புப் பேனையும் வேண்டியிருந்தன.

அன்று மயங்கி விழுந்த மாணவன் இப்போது பகலில் நன்றாகச் சாப்பிடுகிறான். அவன் சாப்பிடுவதை உறுதிசெய்ய வேறு வழி தெரியாமல், சில மாதங்கள் நான் என் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு போய் அவனோடு ஒரே வாங்கில் இருந்து உண்டேன். என் பெட்டியிலே சோறு அளந்து வைக்கப்பட்டிருக்கும். அவன் பெட்டியிலே அளவில்லை. அவ்வாண்டுப் போட்டியிலே அவன் மூன்றாமிடம் பெற்றான்.